எழுபத்தைந்து கிலோ பயணி

பெலகொண்டபள்ளி ஓடுதளத்தில் காலை ஆறே கால்.
தளி சாலையை விட்டுப் பனி இன்னும் கிளம்பவில்லை.
புது விமானம், எண் மட்டும் எழுதிய வால்,
இரண்டு விசிறிகளுக்கும் சிவப்புத் துணியில் வாய்க்கட்டு.

என் கையில் பதினோரு பக்கப் படிவம்.
வாங்கலாமா, வேண்டாமா என்று
நான் சொல்ல வேண்டுமாம்.
வாங்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்,
படிவத்தின் தாளே அத்தனை வழவழப்பு.

முதலில் பயணிகள்.
பத்தொன்பது இருக்கை, பத்தொன்பது மணல் மூட்டை.
ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்பது கணக்கு.
பெல்ட் மாட்டி உட்கார்ந்த மூட்டைகள்
ஜன்னலோரம் கேட்கவில்லை,
காது அடைக்கிறது என்று வாயைத் திறந்து மூடவில்லை,
ஒன்றுகூடச் செருப்பைக் கழற்றிவிட்டு
முன்னிருக்கைக்கு அடியில் காலை நீட்டவில்லை.
உள்ளே இரைச்சல் எண்பத்தாறு டெசிபல் என்று குறித்தேன்.
மூட்டைகளுக்கு ஆட்சேபம் இல்லை.

ஓசூர் மூவாயிரம் அடி மேலே இருக்கிறது.
வீடு வாங்க வருகிறவர்களுக்கு அது குளுகுளு.
எங்களுக்கு மெலிந்த காற்று,
சித்திரையில் இன்னும் மெலியும்.
ஓடுதளத்தின் முக்கால்வாசியைத் தின்றுவிட்டுத்தான் எழுந்தது.

ராயக்கோட்டை மலைக்கு நேர் மேலே
கேப்டன் அமலோற்பவம் இடது இஞ்சினை அணைத்தார்.
விசிறி தன் இதழ்களைக் காற்றுக்கு ஒருக்களித்து
நின்றேவிட்டது.
கீழே பாறை. பாறைக்கு நடுவே தக்காளி. மறுபடி பாறை.
உயரமானியின் முள் யோசித்தது.
நானும் யோசித்தேன், வேறு விஷயங்கள்.
பிறகு ஏறியது, நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து அடி,
ஒரு காலில் மாடிப்படி ஏறுகிறவளின் பிடிவாதத்தோடு.
படிவத்தில் எண்ணுக்கு மட்டும் கட்டம் இருந்தது.
எண்ணை எழுதினேன்.

இறங்கியதும் சரக்கு.
இருக்கைகளைக் கழற்ற இருபது நிமிடம் என்கிறது கையேடு.
நாற்பத்தேழு ஆனது, ஒரு திருகு இன்னும் கிடைக்கவில்லை.
மத்திகிரி பசுமைக்குடில்களிலிருந்து ரோஜாப் பெட்டிகள்,
காதலர் தினத்துக்கு ஒன்பது நாள்.
ஏற்றியவர்கள் நான்கு பெண்கள்.
கதவுக்குள் பெட்டி நுழைகிறது,
பெட்டியைத் தூக்குகிறவளின் முழங்கை இடிக்கிறது.
இதற்கும் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.

நாற்பதாவது பெட்டியில் சிக்கதாயம்மா நின்றுவிட்டார்.
'சார், மூக்கு எழும்புது.'
விற்பனைப் பிரதிநிதி சிரித்தார்.
முன்சக்கரத் தண்டில்
காலையில் நான்கு விரல் தெரிந்த வெள்ளி
இப்போது ஒரு சாண்.
பின்கதவில் ஏற்ற ஏற்றப் பாரம் பின்னே கூடி
ஐம்பது கோடி ரூபாய் வாலில் குந்தப் பார்க்கிறது.
பிரதிநிதி ஓடினார், பளபளக்கும் ஷூவோடு,
பெட்டியோடு கட்டியிருந்த முட்டுக்கட்டையைத் தேடி.
சிக்கதாயம்மா பதறவில்லை.
'மண்டியிலே தக்காளி வண்டி இப்படித்தான் குந்தும்,
ரெண்டு பேரு முன்னாடி ஏறி நின்னா சரியாப்பூடும்.'
இரண்டு பேர் விமானி இருக்கையில் ஏறி நின்றார்கள்.
சரியாயிற்று.

டீ வந்தது. எடைமேடை சும்மா கிடந்தது.
அவர் அதில் ஏறி நின்றார்: நாற்பத்து நான்கு.
'மூட்டை எத்தினி?'
எழுபத்தைந்து என்றேன்.
'எனக்கு முப்பத்தொண்ணு பாக்கியா?
அதுல ரெண்டு பெட்டி ரோசா போவுமே, சார்.'
போகும். சரியாக இரண்டு பெட்டி.

மாலைச் சுற்றில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாமா என்றார்.
கேப்டன் என்னைப் பார்த்தார், நான் படிவத்தைப் பார்த்தேன்.
சோதனைப் பறப்பில் மூட்டைக்கு அனுமதி உண்டு.

பரிந்துரை: வாங்கலாம்.
நிபந்தனை: பின்கதவு ஏற்றத்தில் வால்முட்டு கட்டாயம்.
கண்டறிந்தவர் என்ற இடத்தில்
விமானி, பொறியாளர் இரண்டு சொல்லும் அச்சாகியிருந்தன,
பொருந்தாததை அடிக்கவும்.
இரண்டையும் அடித்தேன்.
அதற்குமேல் அங்கே இடம் இல்லை.
வெளியே அவர் பதினேழாம் எண் மூட்டையை
இரு கையாலும் கட்டி இழுத்து
ஜன்னலோரத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.