எழும்பாத கட்டை

ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவர் வருமுன்
நாற்பது விநாடி என்னுடையது.
கறுப்புச் சட்டை, கறுப்புச் சப்பாத்து,
சத்தம் போடாத ரப்பர் அடி.
பஞ்சுத் துணியால் எண்பத்தெட்டுக் கட்டைகளையும்
இடமிருந்து வலமாக
ஓசை எழாமல் துடைக்க வேண்டும்.
சபை இருமிக்கொள்ளும் நேரம் அது.

பதினொரு நாட்டுப் பிள்ளைகள்.
முகங்கள் பிந்தித்தான் பிடிபடும்,
வியர்வை முதல் நாளே தெரிந்துவிடும்.
திபிலிசியிலிருந்து வந்த லெவானுக்கு
இடதுகைப் பக்கம் முழுக்க மழை.
ஹனோயிலிருந்து வந்த லின்
எதையும் விட்டுச் செல்வதில்லை.
ஒருமுறை மட்டும், பிளந்த நகத்திலிருந்து
பருப்பளவு சிவப்பு.
வெள்ளவத்தைக் கிருபாகர் போனபின்
கட்டைகளில் தேங்காயெண்ணெய் வாசம்.
கடைசி நேரம் தலையைக் கோதியிருப்பான்.

இறுதிச் சுற்றன்று ஐப்பசி மழை.
கறுவாத்தோட்டத்து வீதிகளில் கார்கள் மிதந்தன.
குளிரூட்டி இரண்டில் ஒன்று
மதியமே மூச்சை விட்டது.
ஈரத்தில் ஊதிப்போய்
நடுவிலிருந்து வலப்பக்கம் ஒரு கறுப்புக் கட்டை
அழுத்தினால் அமிழ்ந்து
எழும்ப யோசித்தது.

சுருதி பார்க்கிறவர் பொரளைச் சந்தியில்,
தண்ணீருக்குள் நின்றுபோன ஓட்டோவில்.
மேலாளரிடம் சொன்னேன்.
"சமாளிக்கலாம்" என்றார்.
போட்டியாளரோடு பேசக்கூடாது
என்பது நான் கையெழுத்து வைத்த தாளில் மூன்றாம் வரி.
துணி பேசலாமா என்று
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே அந்தக் கட்டையை இரண்டு முறை துடைத்தேன்.
மற்றவற்றுக்கு ஒன்று, அதற்கு இரண்டு,
கொஞ்சம் நின்று,
தடுக்கும் கல்லைப் பின்னால் வருகிறவருக்குக்
காலால் காட்டுவது போல.

லெவான் பார்க்கவில்லை.
அவன் அடித்த அடியில்
கீழே கிடக்க எந்தக் கட்டைக்குத் துணிச்சல் வரும்?

லின் பார்த்தாள்.
திரையோரம் நின்று என் கையையே பார்த்தாள்.
அவள் ஊரிலும் மழைக்கு மரம் ஊதுமாக்கும்.
அந்த இடம் வந்தபோது விரலை மாற்றி,
ஒரு மயிரிழை பிந்தி,
கட்டை மேலே வரும்வரை பொறுத்துத் தொட்டாள்.
நடுவர்கள் அதை அழகென்று குறித்திருப்பார்கள்.

கிருபாகருக்கும் இரண்டு முறை துடைத்தேன்.
மூன்றாவது முறையும்.
அவன் அண்ணாந்து விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
வேகமாய் ஓடிய வரிசையில்
ஒரு பல் விழுந்த இடைவெளி.
திரும்பி வந்தபோது மறுபடி அதே இடத்தில்.
சபை கைதட்டியது.
ஏழு நடுவர்களுக்குத் தெரிந்தது. என்னோடு எட்டு.

முதற்பரிசு லெவான்.
இரண்டாம் பரிசு லின்.
மூன்றாம் பரிசு இம்முறை எவருக்கும் இல்லை என்று
தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார்.
மேசையில் ஒரு பூங்கொத்து மிஞ்சியது.
"நீங்களே கொண்டு போங்கோ" என்று
யாரோ என் கையில் திணித்தார்கள்.

வாசலில் கிருபாகர் தாய்க்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.
போய்ச் சொல்லியிருக்கலாம்.
உன் பிழை இல்லை என்றா?
ஒருத்தி கண்டுகொண்டாளே.
கண்டுகொள்ளச் சொல்லி
யார் அவனுக்குச் சொன்னார்கள்?

மண்டபம் பூட்டுமுன் மூடியைத் திறந்து
அந்தக் கட்டையை அழுத்தினேன்.
உடனே எழும்பியது,
கேட்டால் தெரியாதென்று சொல்லும் பிள்ளை மாதிரி.

கொட்டாஞ்சேனை பஸ்சில்
பூங்கொத்து மடியெல்லாம் ஈரமாக்கியது.
துணி பையில் இருந்தது.
எடுத்துத் துடைக்க மனம் வரவில்லை.