புள்ளிக்குப் பின்னால்

குத்தாயிசியில் பனி விழாத ஜனவரி.
ரியோனி ஆற்றின் இரைச்சல்
மூன்றாம் மாடிவரை ஏறி வந்து
சர்வர் அறையின் விசிறிகளோடு கலந்துவிடுகிறது.
எது ஆறு, எது இயந்திரம்,
பிரித்துக் கேட்பதை விட்டுப் பல வருடமாயிற்று.

இரவுப் பணிக்கு நான் ஒருத்தி.
மேசையில் பாதி தின்ற பாலாடைக்கட்டி ரொட்டி.
திரையில், உலகம் எங்கள் கம்பெனியைக் கேட்கும் கேள்விகள்:
இந்த எண் உயிரோடிருக்கிறதா,
இந்த எண்ணுக்கு மணியடிக்கலாமா,
இந்த எண் இப்போது எங்கே.

எங்கே என்பதில்தான் சிக்கல்.

இந்தப் பேச்சுமுறையை வகுத்த காலத்தில்
நாட்டுக்கு ஒரு தொலைபேசிக் கம்பெனி,
ஒருவர் குரல் ஒருவருக்குத் தெரியும்.
தட்டுகிறவன் பங்காளிதானே என்று
தாழ்ப்பாள் இல்லாமல் கட்டிவிட்டார்கள்.
பங்காளிகளைப் பற்றி அறியாதவர்கள்.
பிறகு ஒருவன் தன் வாசலை வாடகைக்கு விட்டான்,
எடுத்தவன் உள்வாடகைக்கு விட்டான்.
இன்று ஏதோ தீவின் பெயரில் வரும் கேள்விக்குப் பின்னால்
எந்த ஊர், எந்த அறை, யாருடைய பணம்,
தெரியாது.

அதனால் வடிகட்டி வாங்கினோம்.
குறை சொல்லக் கூடாது, நல்ல வடிகட்டி.
முட்டாள் பொய்களை வாசலிலேயே துரத்தும்,
கெட்டிக்காரப் பொய்களை உட்காரவைத்து விசாரிக்கும்:
ஒன்பது மணிக்கு பத்தூமியில் இருந்த கைபேசி
ஒன்பது பத்துக்குப் பிரேசிலில் இருக்குமா?
இருக்காது. தள்ளு.

3.12க்கு வந்தது முழுப் பொய்யில்லை.
எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 71.
(மற்றவை எனக்கும் நட்சத்திரங்கள்தான்.)
மூன்று நாள் எரெவானில் இருந்த எண் அது.
கேட்டதும் எரெவான் கம்பெனியின் முகவரி.
நேற்று மாலையே எல்லை தாண்டித் திரும்பியது
விதியின் கணக்கில் இன்னும் ஏறவில்லை.
உண்மையின் சூடு ஆறுவதற்குள்
யாரோ அதைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பதில் போயிற்று.
செல் 4417.

கையாலேயே ஒரு விதி எழுதினேன்,
இரண்டு எழுத்துப் பிழையோடு, அழித்து, மறுபடி.
பிறகு விடியும்வரை வந்த நாற்பதும்
முட்டிக்கொண்டு திரும்பின.
ஆனால் தூண்டில்காரனுக்குத் தக்கையில்தான் கண்.
ஒருமுறை அசைந்தால் போதுமே அவனுக்கு.

71 யார்?
பெயரைத் திறக்க எனக்கு அனுமதியில்லை;
அவரைக் காக்கப் போட்ட சட்டம் அது.
எச்சரிக்கலாம் என்றால் அதற்குப் படிவமில்லை.
படிவம் வேண்டும் என்று எழுதிக் கேட்கவும்
ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்பினேன்.

எட்டு மணிக்கு ஓதார் வந்தார்,
காலாண்டு அறிக்கையைப் புரட்டினார்.
தடுத்தவை 99.98 சதவீதம்.
“நூறு என்றே போடேன், மாக்வாலா,
தணிக்கைக்காரர்களுக்குப் புள்ளி பிடிக்காது.”
நல்ல மனிதர். இந்த வடிகட்டிக்காக
மேலிடத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றவர்.
நான் புள்ளியை எடுக்கவில்லை.
அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்று
சொல்ல வாயெடுத்தேன்,
காபி வேண்டுமா என்று கேட்டேன்.

4417 எந்தக் கூரை என்று எனக்கு மனப்பாடம்.
வெள்ளைப் பாலம் தாண்டி, ரொட்டி அடுப்புக்கடை மேல்.
என் வீட்டுக்குப் போகும் வழியல்ல. போனேன்.
வரிசையில் பதினோரு பேர்:
கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர்,
வயலின் பெட்டியோடு ஒரு பள்ளிச் சிறுமி,
இரண்டு ரொட்டி கேட்டு, இல்லை, ஒன்று போதும் என்று
திருத்திக்கொண்ட ஒரு பெண்.
பார்க்கப் பார்க்க எல்லோரும் 71 ஆனார்கள்.
எதிர்ப்புறம் இன்ஜின் ஓடியபடி ஒரு கார்.
வெறும் காராகவும் இருக்கலாம்.

எங்கோ ஒரு கைபேசி மணியடித்தது.
வரிசை முழுக்கக் கைகள்
தங்கள் தங்கள் பைகளைத் தொட்டன,
என் கையும்.