ஏழு குளிசை

போத்தலுக்குள் பஞ்சு வைத்திருக்கிறேன்.
நடக்கும்போது கிலுங்கக் கூடாது.

கல்முனையில் எடுக்கலாம், கிட்ட.
மச்சாளின் மகள் அங்கே துண்டு எழுதுகிறாள்.
ஆகவே திருக்கோவிலில் வெள்ளாப்பில் ஏறி
அவளுடைய கட்டிடத்தை ஜன்னலால் பார்த்துக்கொண்டே கடந்து
கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பில் இறங்குகிறேன்.
போக வர பஸ் காசு
இரண்டு நாள் இடியப்ப மாவுக்குக் காணும்.

எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.
அவர் போன பிறகுதான் தெரிந்தது,
சண்டை பிடிக்க ஆளில்லை.

பாயிஸா மிஸ் மேசையில் கவிழ்த்து எண்ணினாள்.
பஞ்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
ஏழு மிச்சம்.
"மறந்ததா?"

மறப்பதா.
இரவு ஒன்பதுக்கு ஃபோன் அடிக்கும்.
செய்திக்கு நேரம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.
எங்கள் டீவி பழுதாகி ஒரு வருசம்.

ஆடி அமாவாசை, மிஸ்.
தீர்த்தத்துக்கு வந்த சனம்
பாயோடு பாய் முட்டிக் கிடந்தது.
போத்தல் அரிசிப் பேணியின் அடியில்,
பேணி மச்சாளின் கையில்.
பத்துப் பேருக்கு, மறுகா பதினைந்து பேருக்கு என்று
அவள் சுண்டு சுண்டாய் அள்ள
அரிசி இறங்கிக்கொண்டே போனது.
நடுச்சாமத்தில் ஒருநாள் எடுத்துச் சட்டைக்குள் செருகிவிட்டேன்.
வாயில் போடத்தான் இடமில்லை.
கக்கூஸ் வாசலிலும் ஆள் நின்றது.

ஏச்சு வரும் என்று இருந்தேன்.
அவள் பேனையை மூடி வைத்தாள்.
"ஒன்பதை மாத்தலாம்.
எந்த நேரம் தனிய இருப்பீங்க?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.
கனநேரம் யோசித்தேன்.
"மூன்றரைக்கு. மா அவிக்கக்குள்ள."
"அப்ப மூன்றரை."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தி,
"என்னத்துக்குக் குளிசை?"
"பிரஷர்."
"எனக்கும்தான்கா!"
மடியில் கொட்டிக் காட்டினாள்:
வெள்ளை, மஞ்சள், பாதியாய் வெட்டியது.
எந்தப் பேணிக்குள்ளும் போகத் தேவையில்லாத குளிசைகள்.
களுவாஞ்சிக்குடி வரைக்கும் அவளுடைய தலைச்சுற்று.
இறங்கும்போது என் தோளைப் பிடித்து உலுக்கினாள்:
"ஒருநாளும் விட்டுப்போடாத புள்ள.
எங்கட மூத்தவர் விட்டுத்தான் போனவர்."

விடமாட்டன் என்றேன்.

கல்முனையில் வேலை விட்ட பெண்கள் ஏறினார்கள்.
பையைக் காலுக்குள் தள்ளி
நித்திரை போலக் கண்ணை மூடினேன்.