விரிசல் தொடங்கிய இடம்

ஹாமில்டனில், பார்ட்டன் தெருவில்,
நகராட்சி ஆரஞ்சுப் புள்ளி வைத்த மரங்களில் ஒன்று.
பச்சை வண்டு அரித்து முடித்தது.
ஆட்கள் அதைத் தூளாக்குமுன்
ஒரு வட்டத் துண்டு கேட்டு வாங்கினேன்.
பேருந்தில் மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர், "கேக்கா?" என்றார்.

ஆஷ் என்பது மரத்தின் பெயர்.
இந்த ஊர் மொழியில் சாம்பலுக்கும் அதே சொல்.
எங்கள் வேலையோ
அதைச் சாம்பலாக விடாமல் சுடுவது.

ஆர்கான் நிரம்பிய உலை. தீயில்லாத சூடு.
நிமிடத்துக்கு ஒரு பாகை, அவசரப்பட்டால் வெடிக்கும்.
இரண்டு இரவு மிர்யானாவும் நானும் மாறி மாறிக் காவல்.
அவள் சூரியகாந்தி விதை கொறித்தாள்.
நான் தேநீரை ஆறவிட்டேன்.

திறந்தபோது கரி.
எடையில் கால்பங்கு.
ஆனால் ஒரு வளையமும் தொலையவில்லை:
இளவேனிலின் அகன்ற குழாய்கள்,
கோடை முடிவின் நெருங்கிய இழைகள்,
மழை பொய்த்த ஏதோ ஓராண்டின் நகக்கீறல்.

பிறகு சிலிக்கன்.
ஆயிரத்து நானூற்றைம்பது பாகையில் அது தண்ணீர் மாதிரி.
யாரும் தள்ளவில்லை.
வேரிலிருந்து நீர் ஏறிய அதே வழியில்
தானே ஏறிற்று.
மரம் செத்து ஒரு வருடம்,
குடிக்க மறக்கவில்லை.

மிச்சத்தை அமிலம் கரைத்தது.
கையில் கண்ணாடியைக் கீறும் கல்.
வைரம் பாய்ந்த கட்டை என்று நாம் சொல்வது
வெறும் பேச்சு என்றிருந்தேன்.

பத்துத் தரம் கழுவிய பிறகு
மிர்யானா ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி
மறுமுனையில் வாய்வைத்து ஊதினாள்.
மேசை விளக்கின் கீழே குமிழிகள்,
பொடிப்பொடியாக, நிற்காமல்.
எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று பிடுங்கினேன்.

வெள்ளிக்கிழமை வளைத்துப் பார்த்தோம்.
ஒன்பது சட்டங்கள் தாங்கின.
பத்தாவது பாதிப் பளுவிலேயே முறிந்தது.
நுண்ணோக்கியில்,
பட்டையிருந்த விளிம்பில், நெளிந்து போகும் ஒரு பள்ளம்.
புழு தின்றுகொண்டே நடந்த வழி.
அத்தனை சூடும்
அதையும் ஒரு பிசகில்லாமல் படியெடுத்திருக்கிறது.

அறிக்கையில், 'முறிவின் தொடக்கம்: வண்டு' என்றெழுதினேன்.
மேலாளர் அடித்துவிட்டுப் 'பொருட்குறை' என்றார்.
சரி.

பட்டியலில் இல்லாத அந்தத் துண்டு
என் மேசையில் கிடக்கிறது.
பள்ளத்தோடு நகத்தை ஓட்டிப் போனால்
ஓரிடத்தில் அது சட்டென்று திரும்புகிறது,
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல.