உடைப்பு

காலை எட்டரை. ஹோட்டல் வாசலில் எண்ணிக்கொள்கிறேன்.
ஐந்து பேர். நான்கு சோடி வாடகை ரப்பர் பூட்ஸ்.
டென்மார்க்கிலிருந்து வந்த டோர்பனுக்கு மட்டும்
நாற்பத்தேழாம் அளவு
சாப்பா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.
வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் நிற்கிறான்,
கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி.

என் பெயர் பாங். ஹ்மாங் மொழியில் பூ என்று அர்த்தம்.
ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார்கள்.
ஒருத்தி வாயில் அது கதவு சாத்துகிற சத்தம்.
பரவாயில்லை, நாலு மணி வரைதானே.

பன்னிரண்டு கிலோமீட்டர் என்று அட்டையில் போட்டிருக்கிறது.
யார் அளந்தார்களோ.
எனக்கு அது இரண்டு ஏற்றம், ஒரு மூங்கில் பாலம்,
ஸாய்க்காரர்கள் ஊரில் நூடுல்ஸும் முட்டையும்,
பிறகு முழங்கால் வலிக்கிற இறக்கம்.

சிவப்பு ஸாவ் பெண்கள் மூன்று பேர்
கூடையோடு பின்னால் வருகிறார்கள்.
சாப்பாட்டுக்கு முன் யாரும் காப்பு விற்கக்கூடாது,
அது எங்களுக்குள் பேச்சு.
அதுவரை சும்மா நடக்கிறார்கள்,
வழுக்குகிற இடத்தில் கை கொடுத்து.
கை கொடுத்தவளிடம் வாங்காமல் போக முடியுமா?

இந்தப் படிகளை வெட்டியது யார் என்கிறான் ஒருவன்.
எங்களுக்கு முந்தியவர்கள்.
எப்போது?
போன மாதம் நானும்தான், என்கிறேன். சிரிக்கிறான்.
வரப்பு வருஷா வருஷம் செதுக்காவிட்டால் நிற்காது
என்பதைச் சொல்வதற்குள் அவன் கேமரா வேறு பக்கம் போய்விட்டது.

கை ஏன் நீலம்? அவுரி.
எத்தனை பிள்ளைகள்? இரண்டு.
வயலுக்குள் மேகம் தெரிகிறது பார் என்கிறாள் பிரெஞ்சுக்காரி.
பார்த்தேன். செங்கின் வயல்.
மேகம் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர்.
கீழே விடுகிற மூங்கில் குழாயில்
பதினோரு நாளாய் வைக்கோல் அடைத்து வைத்திருக்கிறான்.
அவனோடு பேசி அலுத்தாயிற்று.

அங்கேதான் டோர்பன் வழுக்கினான்.
நாற்பத்தேழும் வரப்பைத் தேடி
ஒரே மிதியில் முழங்கால் வரை உள்ளே.
மண் பிளந்தது. தண்ணீர் பழுப்பாய்
கீழ் வயலுக்குள் இறங்கிற்று,
நெடுநாள் காத்திருந்த சத்தத்தோடு.

மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று பர்ஸை எடுத்தான் பாவம்.
கல்லின் மேல் நில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.
ஒரு கட்டி எடுத்தேன். சரியில்லை, போட்டேன்.
இன்னொன்று. அதில் வேர்.
அடுத்ததை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தேன்,
மாவு பிசைகிற மாதிரி, அவசரமில்லாமல்.
ஐந்து பேரும் படம் எடுத்தார்கள்.
அற்புதமான பொறுமை என்றது யாரோ.

கீழே யார் வயல் என்று கேட்டாள் பிரெஞ்சுக்காரி.
ஒரு பெண்ணுடையது என்றேன்.

செங் வந்தபோது முக்கால்வாசி அடைத்திருந்தேன்.
ஷூ தடத்தைப் பார்த்தான், வெள்ளைக்காரனைப் பார்த்தான்,
சேற்றுக் கையோடு நிற்கிற என்னைப் பார்த்தான்.
எங்கள் மொழியில் ஒன்று சொன்னான்.
என்ன சொல்கிறார் என்றார்கள்.
பாதை வழுக்கும், கவனமாகப் போங்கள் என்கிறார்.
எல்லோரும் கும்பிட்டார்கள் அவனை.
அவனும் வேறு வழியில்லாமல் தலையசைத்தான்.

சாயங்காலம் எண்ணினேன், ஐந்து பேர் சரி.
டோர்பன் ஷூவைத் தூக்கிக்காட்டி
இது வெளுக்குமா என்று கேட்டான்.
வெளுக்காது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.
காப்பு மூன்று போட்டிருந்தான் ஒரே கையில்.

இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு என் வயலில் இறங்கினேன்.
கணுக்கால் எலும்புக்கு மேல் இரண்டு விரல்.
தவளைகள் அதற்குள் குடி வந்துவிட்டன.
விடிந்தால் என் புருஷன் நாற்றைப் பிடுங்கலாம்.

நாளைக்கான பட்டியல் போனில் வந்திருக்கிறது.
மூன்று பேர். ஷூ அளவு
முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு.
எல்லாம் பூனைக் கால்.
மேல் வரப்பு இனிமேல் உடையாது.