உருட்டாத ஓரம்

ஆறரைக்குக் கதவைத் திறந்துவிட்டார் படகுத்துறை மாணிக்கராஜ்.
ஏழரைக்குள் முடிச்சுக்கங்க,
பெங்களூர்க் கூட்டம் வந்துடும் என்றார்.
பெடல் படகுகள் சங்கிலியில் கிடந்தன,
பிளாஸ்டிக் அன்னங்களின் கழுத்தில் பனி சொட்ட.

நாலரை அடி. சிவப்பு.
இருபது கொண்டை ஊசி வளைவும்
பூவாயி மடியில் படுத்தே வந்தது.
கண்டக்டர் யோசித்து
அரை டிக்கெட் போட்டார்.

அடியைத் தட்டையாக வார்த்தால்
நிற்கையில் அசையாது, ஓடுகையில் அறை வாங்கும்.
ஆழக் கூம்பாக வார்த்தால்
அலையை மெத்தென்று வாங்கும்,
நிறுத்தினால் தள்ளாடும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வைப் பிடிக்க
எனக்கு மூன்று அச்சு உடைந்தது.

ரிமோட் என் கையில்.
மெதுவாகப் போகிறவரை எல்லாப் படகும் ஒழுக்கம்தான்.
பாதி விசை தாண்டியதும்
தண்ணீரைப் பிளப்பதை விட்டு
தண்ணீர்மேல் ஏறிக்கொண்டது,
வால்பக்கம் ஒரு சாண் மட்டும் நனைய.

அங்கே ஆரம்பித்தது.
மூக்கு எழும், விழும்,
முன்னைவிட எழும்.
சாமி வந்த மாதிரி ஆடுதேடி, என்றாள் பூவாயி.

பேட்டரியை நாலு விரல் முன்னே தள்ளிக் கட்டினோம்.
தலையாட்டம் குறைந்தது, போகவில்லை.
கூடவே வேறொன்று வந்தது:
இடத் தொடை, வலத் தொடை என்று
மாறி மாறி ஊன்றி நடந்து
மூன்றாம் சுற்றில் கவிழ்ந்தது.

ஏரி நடுவில் என் கைவேலை
வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது.
மாணிக்கராஜ் துடுப்புப் படகை எடுத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கரையில் அந்த வயிற்றின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்தேன்.
கடைசி ஓர் அடியில் ஸ்கேல் உட்காரவில்லை;
முன்னும் பின்னும் ஆடியது.
ஒரு பத்துப் பைசா கனத்துக்குப் புடைப்பு.

தெரியும் எனக்கு, எந்த ராத்திரி என்று.
ஆத்தூருக்கு ஆறு தொட்டி அனுப்ப வேண்டியிருந்தது,
தரையில் இடமில்லை.
காயுமுன் அச்சிலிருந்து உரித்து
இரண்டு செங்கல்மேல் கிடத்திவிட்டுப் போனேன்.
பச்சைப் பிசின் விடியவிடியத் தொய்ந்திருக்கிறது.
ஒரு ராத்திரியின் அவசரம்
முழு வேகத்தில்தான் வாயைத் திறக்கிறது.

சரி, தலையாட்டத்துக்கு அது.
நடைக்கு?

ஓரத்தில் விரலை ஓட்டினேன்.
அடியும் பக்கமும் சேருகிற இடம்
வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று.
பதினோரு வருஷம் தண்ணீர்த்தொட்டி வார்த்த கை இது.
மூலையை உருட்டு, அழுக்கு தங்காது,
மூலையை உருட்டு, விரிசல் விடாது.
யாரும் கேட்காமலே உருட்டியிருக்கிறது.

குழாயடியில் கரண்டி முதுகைக் காட்டிப் பாருங்கள்.
தண்ணீர் விழாமல் வளைந்து ஒட்டிக்கொண்டு
கரண்டியையே தன் பக்கம் இழுக்கும்.
அப்படித்தான் ஏரி ஏறியிருக்கிறது
என் படகின் விலாவில்,
ஒரு நேரம் இந்தப் பக்கம், ஒரு நேரம் அந்தப் பக்கம்.

தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான் நான் படித்தது.
விட்டுவிடப் படிக்கவில்லை.

இரண்டு வாரம் புட்டி, உப்புத்தாள், ஸ்கேல்.
ஓரத்தைக் கூராக்கினேன்,
பூவாயியின் சுண்டுவிரலைக் கீறுமளவு.
பின்பலகையின் கீழ்விளிம்பையும்.

மறுபடி ஆறரை. மறுபடி அரை டிக்கெட்.
முழு விசை.
ஏறியது, உட்கார்ந்தது, அப்படியே போனது.
ஓரத்தில் தண்ணீர் தாளைக் கிழித்த மாதிரி
நேராகப் பிரிந்து விழுந்தது.
மாணிக்கராஜ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு
குடிக்க மறந்து நின்றார்.
திரும்புகையில் தன் அலையையே தாண்டும்போது
இன்னும் ஒரு உதறல் இருக்கிறது. பார்க்கணும்.

திங்கட்கிழமை பட்டறையில் ஆயிரம் லிட்டர் தொட்டி.
மூலைக்கு வந்ததும் கட்டைவிரல்
ஒரு நொடி நின்றது,
பிறகு உருட்டியது.

கோரிமேட்டில் ஏதோ ஒரு மாடியில் இருக்கிறது அது இப்போது.