லைவ் ரேட்டு

கஜபதி அண்ணனின் வவுச்சர் புத்தகத்தில்
இரண்டே கட்டம்.
லைவ் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு.
டிராக் என்றால் எண்ணூறு.
"நீ எதுலம்மா வர்ற?" என்றார்
என் மேசையைப் பார்த்து:
பாதி எழுத்து அழிந்த லேப்டாப்,
இருபத்துநாலு திருகு வைத்த பெட்டி.
மூன்று திருகுக்குத் தொப்பி இல்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
கேரம் போட்டியின் பரிசளிப்பு.
கப்புகளுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

வீட்டிலேயே செய்து கொண்டுவந்தது டிராக் என்றால்
கீபோர்டு பெனடிக்டின் வலதுகை லைவ்,
இடதுகைக்குக் கம்பெனிக்காரன் தாளம்.
மரகதவல்லியின் குரல் லைவ்,
அவள் கூடப் பாடும் நாலு பேர் பென் டிரைவ்.
மதியமே தம் போட்ட பிரியாணியை
யாரும் டிராக் என்று சொல்வதில்லை.

"உனக்குத் தப்பு வருமா?"
"வரும்ணே."
"வந்தா தெரியுமா?"
"எனக்குத் தெரியும்."
"அது செல்லாது" என்றார்.

பெண்கள் பிரிவில் இரண்டாம் பரிசு வாங்கிய ரூபாவதி
ஸ்ட்ரைக்கரை உள்ளங்கையில் உருட்டியபடி சொன்னாள்:
"நான் சுண்டுறது அரை நொடிண்ணே.
மீதிய பவுடர் பாத்துக்குது.
எனக்கு மட்டும் இன்னாத்துக்குக் கப்பு?"
அண்ணன் சிரித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன்.
மணலிப் பக்கம் ராத்திரி முழுக்க எரியும் சுடரின் உறுமல்,
சிலிண்டர்காரர் ஸ்பானரால் தட்டும் தட்டு,
மார்ச் மாதத்தில் பதிந்துவைத்த இதே கேட்டின் மணி.
எதையும் நான் வாசிக்கவில்லை.
எது எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும்,
எது வராமலே போகும்,
அவ்வளவுதான் என் கையில்.
முன்வரிசைப் பையன் அம்மாவைக் கேட்டான்:
"அந்தக்கா மெயில் பாக்குதா?"

ஒன்பது நாற்பதுக்கு
நிஜ மணி அடித்தது.

நடுவில் எப்போதோ மாற்றிவிட்டிருக்கிறார்கள்.
அரைச் சுருதி மேலே,
ஒரு முடி அளவு வேகம் கூட.
என் மணியும் கேட்டின் மணியும்
குழாயடியில் இரண்டு குடம் மாதிரி இடித்துக்கொண்டன.
யோசிக்க நேரமில்லை.
என் மணியை அமுக்கினேன்.
தொப்பியில்லாத திருகை
நகத்தால் நகர்த்தி நகர்த்தி
அடியில் ஓடிய தாளத்தை
கேட்டின் பின்னால் அனுப்பினேன்.

டேங்கர் வண்டி. எண்ணெய் காலி, அதனால் சத்தம் அதிகம்.
ஐம்பது பெட்டியாவது இருக்கும்.
எல்லாரும் திரும்பினார்கள், என் பக்கம் அல்ல.
ரூபாவதியின் ஸ்ட்ரைக்கர்
நாற்காலிக் கைப்பிடியில் விழுந்த இடத்தில்
என் அடியும் விழுந்தது.
தான் என் குழுவில் இருந்தது
கேட் கீப்பருக்குத் தெரியாது.

கேட் தூக்கினார்கள். மணி நின்றது.
நடுவில் ஒரு பெரிய ஓட்டை.
பதறிப்போய்
மார்ச் மாத மணியைத் திரும்ப எடுத்துவிட்டேன்.
செத்த குரல்.
பிரியாணி வரிசையில் நின்றவர்கூட முகம் சுளித்தார்.
தப்பு.
எல்லாருக்கும் தெரிந்தது.

சாமான் கட்டும்போது அண்ணன் வந்தார்,
லைவ் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே.
"சொதப்புன பாரு, அதான். ஒத்துக்கறேன்."
பிறகு கீழே ஒரு வரி எழுதினார்:
"ரயில் ஓடுன வரிக்கும் நீ சும்மாதானே நின்ன?
அதுக்கு எழுநூறு பிடித்தம்."

கையெழுத்துப் போட்டேன்.
ஆயிரத்து எண்ணூறு, அதில் ஒன்று கிழிந்த நூறு.

வண்டியை எடுத்தால் கேட் மறுபடி மூடியிருந்தது.
புது மணி, பக்கத்தில் கேட்க இன்னும் நல்ல மணி.
ரெக்கார்டரை நீட்டி
நாற்பது நொடி பிடித்துக்கொண்டேன்.
அடுத்த தடவை
இது டிராக்.